ஊர்க் கழிவுநீரும் நம் ஆறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில், குவாசூலு-நேட்டால் மாகாணத்தின் வட கடற்கரைப் பக்கம், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு சின்ன ஊரின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தேன். 'பிளான்ட்' என்றுதான் நாங்கள் சொல்வோம். ஓய்வு பெற்ற பிறகும் கேள்விகள் விட்டபாடில்லை. ஆடியில் கூழ் ஊற்றும் நாளிலும் தைப்பூசக் காவடி நாளிலும், கரகம் ஜோடிக்க ஆற்றங்கரைக்குப் போகிறவர்கள் என்னை நிறுத்திக் கேட்பார்கள். "அண்ணே, இந்தத் தண்ணியில கால் வைக்கலாமா?" அதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல என்னால் முடிந்ததில்லை. அதனால் கேட்ட கேள்விகளையும் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆறு தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளாதா? தாத்தா காலத்தில் பிளான்ட் எங்கே இருந்தது?

செய்துகொள்ளும். அதில் சந்தேகமே வேண்டாம். ஆற்றுக் கல்லின் மேல் வழவழப்பாக ஒரு படலம் இருக்கிறதே, அது முழுக்க நுண்ணுயிர். தண்ணீரில் கரைந்து வரும் அழுக்கை அது தின்கிறது. தின்னும்போது நம்மைப் போலவே ஆக்சிஜனை இழுக்கிறது. சிக்கல் அங்கேதான்.

20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் ஆற்றுத் தண்ணீரில் அதிகபட்சம் 9 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். வீடுகளிலிருந்து வரும் ஒரு லிட்டர் பச்சைக் கழிவுநீரை, அதாவது இன்னும் சுத்திகரிக்காத நீரைத் தின்று முடிக்க நுண்ணுயிர்களுக்குச் சுமார் 300 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு லிட்டர் கழிவு, முப்பது லிட்டருக்கும் மேலான ஆற்று நீரின் மூச்சை முழுக்கக் குடித்துவிடும். மீனுக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே போனாலே திணறல்தான்.

1860 நவம்பர் 16-ஆம் தேதி 'டிரூரோ' கப்பலில் மதராஸிலிருந்து டர்பனுக்கு வந்து இறங்கியவர்களும், அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் கரும்புத் தோட்ட லைன் வீடுகளில் இருந்த காலத்தில், ஒவ்வொரு கழிப்பிடமும் தனித்தனிக் குழி. அழுக்கு மண்ணுக்குள் போனது. இன்று ஊர் முழுவதன் அழுக்கையும் குழாய் வைத்து ஒரே இடத்துக்குக் கொண்டுவருகிறோம். சேர்த்துக் கொண்டுவந்த பிறகு, அந்த ஒரே இடத்தில் அதைச் சுத்தம் செய்யாமல் விட்டால் ஆறு என்ன செய்யும்?

எங்கள் ஊர் சின்னது. பெரிய நகரங்கள்தானே ஆற்றைக் கெடுக்கின்றன?

எனக்கு வருத்தம் தரும் கேள்வி இது. சின்ன ஊர் பெரும்பாலும் சின்ன ஆற்றின் கரையில் இருக்கிறது.

20,000 பேர் உள்ள ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 150 லிட்டர் கழிவுநீர். மொத்தம் 30 லட்சம் லிட்டர், அதாவது நொடிக்குச் சுமார் 35 லிட்டர். ஜனவரி மழையில் ஆறு பெருகி ஓடும்போது இது ஒன்றுமே இல்லை. ஆனால் நம் பக்கம் கோடை மழை; ஜூன், ஜூலை, ஆகஸ்டில் ஆறு மெலிந்துவிடும். நொடிக்கு 100 லிட்டர்தான் ஓடுகிறது என்றால், பிளான்ட்டைத் தாண்டிய ஆற்றில் நாலில் ஒரு பங்கு நம் வீடுகளிலிருந்து வந்த தண்ணீர். தைப்பூசத்தில் பார்க்கும் ஆறும் ஆடியில் பார்க்கும் ஆறும் பெயரில்தான் ஒன்று.

இன்னொன்றும் உண்டு. உத்தோங்காத்தி, உம்ட்லோட்டி போன்ற நம் ஆறுகளின் முகத்துவாரத்தைக் கடல் அலை மணலைக் கொட்டி அடைத்துவிடும். வறண்ட மாதங்களில் ஆறு கடலுக்குப் போகாமல் கழிமுகத்திலேயே குளமாக நிற்கும். மேலே நாம் விட்டது அங்கே தேங்கிக் கிடக்கும். மீன் குஞ்சுகள் வளர்வதும் அந்தக் கழிமுகத்தில்தான்.

பிளான்ட்டுக்குள் என்னதான் நடக்கிறது?

ஆறு பல கிலோமீட்டர் ஓடிச் செய்யும் வேலையை ஒரு தொட்டிக்குள் ஒரு நாளுக்குள் செய்து முடிக்கிறோம். அவ்வளவுதான்.

முதலில் கம்பிச் சல்லடை. துணி, பிளாஸ்டிக், டயப்பர், சில நாள் பொம்மைகூட மாட்டும். அடுத்து மணல் படியும் வாய்க்கால். அப்புறம்தான் உயிருள்ள பகுதி: காற்றூட்டும் தொட்டி. பெரிய விசிறி போன்ற இயந்திரங்கள் தண்ணீரை அடித்துக் கலக்கிக் காற்றைக் கரைக்கும். லிட்டருக்குச் சுமார் 2 மில்லிகிராம் ஆக்சிஜன் நிற்கும்படி பார்த்துக்கொள்வோம். அதில் கோடிக்கணக்கான பாக்டீரியா அழுக்கைத் தின்று பெருகிப் பஞ்சு போலத் திரண்டு நிற்கும். 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்ற இருவர் வெளியிட்ட முறை இது. நூறாண்டு கடந்தும் உலகம் முழுக்க இதுதான் ஓடுகிறது.

அடுத்த தொட்டியில் எந்தக் கலக்கலும் கிடையாது. பஞ்சு கீழே படியும், தெளிந்த நீர் விளிம்பைத் தாண்டி வழியும். படிந்த சேற்றில் பெரும்பகுதியைத் திரும்பக் காற்றூட்டும் தொட்டிக்கே அனுப்புவோம். அதுதான் நம் வேலைக்காரப் படை; அதை இழந்தால் எல்லாம் போச்சு. தோசை மாவில் கொஞ்சம் எடுத்து வைத்து அடுத்த மாவைப் புளிக்க வைப்பதைப் போலத்தான். மிஞ்சிய சேறு உலர் களத்துக்குப் போகும். தெளிந்த நீருக்குக் குளோரின் போட்டு, அரை மணி நேரம் வளைந்து வளைந்து ஓடவிட்டு ஆற்றில் சேர்ப்போம்.

பிளான்ட் நன்றாக ஓடுகிறதா என்று எப்படித் தெரியும்?

ஆய்வகத்து எண்கள் சில நாள் கழித்துத்தான் கைக்கு வரும். அதுவரை கண்ணும் மூக்கும்தான்.

தினமும் காலை ஏழு மணிக்கு, ஒரு லிட்டர் கண்ணாடிச் சிலிண்டரில் காற்றூட்டும் தொட்டியின் நீரை மொண்டு ஜன்னல் ஓரத்தில் வைப்பேன். முதலில் எல்லாம் ஒரே கலங்கல், சாக்லேட் நிறம். ஐந்து நிமிடத்தில் மேலே ஒரு விரல் அளவு தெளிவு தெரியும். பஞ்சுப் பொதிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கும். முப்பதாவது நிமிடம் சேறு எத்தனை மில்லிலிட்டர் கோட்டில் நிற்கிறது என்று குறித்துக்கொள்வேன். முந்நூறை ஒட்டி நின்று, மேலே உள்ள நீர் வழியாகச் செய்தித்தாளைப் படிக்க முடிந்தால் அன்றைக்கு நிம்மதி. எழுநூறு எண்ணூறிலேயே உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தால், நூல் நூலான பாக்டீரியா பெருகிவிட்டது என்று அர்த்தம். சேறு தொட்டியைத் தாண்டி ஆற்றுக்கே போய்விடும். நுண்ணோக்கியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால், காம்பின் நுனியில் மணி போல ஆடும் சின்ன உயிர்கள் தெரிய வேண்டும். அவை இருந்தால் தொட்டி ஆரோக்கியமாக இருக்கிறது.

வாசனை இன்னும் எளிது. நன்றாக ஓடும் தொட்டியின் பக்கத்தில் நின்றால் மழை பெய்த மண் வாசனைதான் வரும். இதை யாரும் நம்ப மாட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறேன். அழுகிய முட்டை நாற்றமும் கறுப்பு நிறமும் வந்தால் உள்ளே காற்று போதவில்லை.

இவ்வளவு எதற்கு? நேராகக் குளோரின் போட்டால் கிருமி சாகாதா?

சாகாது. பச்சைக் கழிவுநீரில் 100 மில்லிலிட்டருக்கு மலத்தோடு வரும் ஈ-கோலை கிருமி ஒரு கோடி அளவில் இருக்கும். அழுக்குத் துகளுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியைக் குளோரின் தொடாது. அழுக்கோடும் அம்மோனியாவோடும் சேர்ந்து தன் வலுவை இழந்துவிடும். தொட்டிகளில் தெளிய வைத்த பிறகும் லட்சம் அளவில் மிஞ்சுமே, அதை வீழ்த்தத்தான் குளோரின். அதையும் அதிகமாகப் போட்டால் ஆற்று மீன் சாகும். ஆற்றில் விடும் நீரில் லிட்டருக்கு 0.25 மில்லிகிராமுக்கு மேல் குளோரின் மிஞ்சக் கூடாது என்பது நம் நாட்டுப் பொது வரம்பு.

அப்படியானால் வெளியே வரும் தண்ணீரைக் குடிக்கலாமா?

கூடாது. இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். 1998-ஆம் ஆண்டின் 36-ஆம் எண் தேசிய நீர்ச் சட்டத்தின் கீழ் உள்ள பொது வரம்புப்படி, ஆற்றில் விடும் நீரில் மலக் கிருமி 100 மில்லிலிட்டருக்கு 1000 வரை இருக்கலாம். மிதக்கும் துகள் லிட்டருக்கு 25 மில்லிகிராம், வேதி ஆக்சிஜன் தேவை (நீரில் மிஞ்சிய அழுக்கை ரசாயனத்தால் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவு) 75, அம்மோனியா 6. குடிநீரில் ஈ-கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. முங்கிக் குளிக்க, நம் நாட்டு வழிகாட்டி 130-க்குள் கேட்கிறது. இடைவெளியைப் பாருங்கள். மீதியை ஆறு தன் நீரோடு கலந்து, வெயில் பட்டு, ஓடி ஓடி முடித்துத் தரும் என்ற நம்பிக்கையில்தான் அந்த 1000 இருக்கிறது. ஆற்றில் நீரே இல்லாத மாதத்தில் அந்த நம்பிக்கை செல்லாது. சில ஆறுகளுக்கு இதைவிடக் கடுமையான சிறப்பு வரம்பும் உண்டு: அங்கே மலக் கிருமி பூஜ்யம்.

குடிக்கும் அளவுக்குச் சுத்தம் செய்யவே முடியாதா என்றால், முடியும். நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹுக்கில் 1968 முதல் செய்கிறார்கள். நம் நாட்டில் கரூ பகுதியின் சின்ன ஊரான பியூஃபோர்ட் வெஸ்ட், வறட்சி தாங்காமல் 2011-இல் தொடங்கியது. அதற்கு நுண்வடிப்பு, எதிர்ச்சவ்வூடு பரவல் (மிக நுண்ணிய சவ்வு வழியாக நீரை அழுத்தித் தள்ளுவது) என்று இன்னும் பல படிகள் வேண்டும்.

அம்மோனியா, பாஸ்பரஸ் என்கிறார்களே, அவை ஏன் முக்கியம்?

சிறுநீரிலிருந்து வருவது அம்மோனியா. தண்ணீர் சூடாகி, காரத்தன்மையும் ஏறினால் அது மீனுக்கு நேரடி விஷம். ஆற்றுக்குள் போனால் ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் 4.6 கிராம் ஆக்சிஜனை இழுக்கும். இதைத் தின்னும் பாக்டீரியா மிக மெதுவாக வளரும். சில மணி நேரம் காற்று இல்லாமல் தாங்கும். நாள்கணக்கானால் அந்தப் படை அழியும், திரும்ப வளர வாரங்கள் ஆகும். காற்றூட்டும் இயந்திரங்களுக்கு மின்சாரம் நிற்கக் கூடாது என்று நான் கத்துவதற்குக் காரணம் அதுதான்.

பாஸ்பரஸ் சிறுநீரிலும் சோப்புத் தூளிலும் இருக்கிறது. அது பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் உரம். பிரிட்டோரியா பக்கத்து ஹார்ட்பீஸ்போர்ட் அணையின் மேல் பச்சைப் பாய் விரித்ததைப் போலக் கிடக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். மேலே உள்ள ஊர்களின் கழிவுநீர் போட்ட சோறு அது. பாஸ்பரஸை ரசாயனம் இல்லாமல் பாக்டீரியாவைக் கொண்டே இழுக்கும் வழியை 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டோரியாவில் கண்டவர் ஜேம்ஸ் பர்னார்ட் என்ற தென்னாப்பிரிக்கப் பொறியாளர். 2011-இல் சிங்கப்பூரின் லீ குவான் யூ நீர் விருது அவருக்குக் கிடைத்தது. நம் மண்ணில் பிறந்த முறையை உலகமே பயன்படுத்துகிறது. நம் சின்ன ஊர்களில் அதை ஓட்ட ஆள் இல்லை. எனக்கு ஆறாத வருத்தம் இது.

சின்ன ஊருக்கு இயந்திரம் எதற்கு? குளம் வெட்டினால் போதாதா?

நிலம் இருந்தால் நல்ல யோசனைதான். அடுத்தடுத்து குளங்கள், பாசி ஆக்சிஜன் தரும், வெயில் கிருமியைக் கொல்லும், மின்சாரச் செலவு கிடையாது. தண்ணீர் உள்ளே வாரக்கணக்கில் நிற்க வேண்டும், அதனால் இடம் நிறைய வேண்டும். அடியில் சேரும் சேற்றைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அள்ளியே ஆக வேண்டும். அள்ளாமல் விட்ட குளம் பெயருக்குத்தான் குளம்; இந்தப் பக்கம் வந்தது அந்தப் பக்கம் அப்படியே போகும்.

பின் ஏன் இத்தனை பிளான்ட்டுகள் கெட்டுக் கிடக்கின்றன?

நாட்டில் 'கிரீன் டிராப்' என்று ஒரு தணிக்கை உண்டு. 2008-இல் தொடங்கியது. 90 சதவீதத்துக்கு மேல் எடுத்தால் சான்றிதழ். 31-க்குக் கீழே போனால் 'நெருக்கடி நிலை'. 2022-இல் வெளியான அறிக்கையில் 995 கழிவுநீர் அமைப்புகளைப் பார்த்திருந்தார்கள். நகராட்சிகளின் கையில் உள்ளவற்றில் 334, அதாவது 39 சதவீதம், நெருக்கடியில். சான்றிதழ் வாங்கியவை நாடு முழுக்க 23 மட்டும்.

காரணம் பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயம். எரிந்த மோட்டாரை மாற்ற மாதக்கணக்கில் கையெழுத்து. திருடு போன செம்புக் கம்பி. தீர்ந்துபோன குளோரின். ஓய்வு பெற்றவர் இடத்துக்கு ஆள் போடாதது.

நான் பார்த்த ஒரு இரவைச் சொல்கிறேன். லோட் ஷெடிங், அதாவது முறை வைத்து வெட்டும் மின்தடை, நாலு மணி நேரம். ஊரின் தாழ்ந்த மூலையில், கிணற்றில் சேரும் கழிவுநீரை பிளான்ட்டுக்கு ஏற்றி அனுப்பும் பம்ப் ஸ்டேஷனில் ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இல்லை. மனு கொடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். கிணற்றில் மட்டம் ஏறுகிறது. பத்து மணிக்கு மேன்ஹோல் மூடி லேசாகக் குதித்தது. பிறகு அதன் ஓரமாகச் சாம்பல் நிற நீர் வழிந்து, புல்லைத் தாண்டி, ஓடைக்குள் இறங்கியது. பிளான்ட்டில் தொட்டிகள் அத்தனையும் நன்றாக இருந்தன; அவற்றுக்கு வந்து சேர வேண்டிய தண்ணீர்தான் வரவில்லை. காலையில் ஓடை ஆற்றில் சேரும் இடத்தில் வெள்ளி வெள்ளியாக மீன் மிதந்தது. நான் அள்ளி எண்ணினேன், முப்பத்தொன்று வரை. அதற்கு மேல் எண்ணப் பிடிக்கவில்லை.

2022 வெள்ளத்துக்குப் பிறகு ஆறும் கடலும் அவ்வளவு கெட்டது ஏன்?

ஏப்ரல் 11, 12 தேதிகளில் கொட்டிய மழையில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கழிவுநீர்க் குழாய்களும் பம்ப் ஸ்டேஷன்களும் பிளான்ட்டுகளும் ஆற்றை ஒட்டித்தான் இருக்கும், ஏனென்றால் தண்ணீர் பள்ளத்துக்குத்தான் ஓடும். வெள்ளம் முதலில் அடித்ததும் அவற்றைத்தான். டர்பன் கடற்கரைகள் பல, மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. டோங்காட்டில் குடிநீர் நிலையமே உடைந்து, நம் ஜனங்கள் மாதக்கணக்கில் டேங்கர் லாரிக்குப் பின்னால் வாளியோடு நின்றார்கள்.

வெள்ளமே இல்லாத சாதாரண மழையிலும் மேன்ஹோல் பொங்குகிறதே?

உங்கள் வீட்டுக் கூரைக் குழாய் எங்கே போய் விழுகிறது என்று இன்றே பாருங்கள். மழைநீருக்கு ஒரு வலை, கழிவுநீருக்கு வேறு வலை என்றுதான் நம் ஊர்களைக் கட்டியிருக்கிறார்கள். பின்கட்டில் தண்ணீர் தேங்குகிறது என்று யாரோ ஒருவர் கூரைக் குழாயைக் கழிவுநீர்க் குழியில் திருப்பிவிடுவார். தெருவில் இருபது வீடு இப்படிச் செய்தால் மழை நாளில் வரத்து மூன்று மடங்காகும். மேன்ஹோல் பொங்கும். தப்பி வரும் நீர் பிளான்ட்டுக்குள் பாய்ந்து, தெளியும் தொட்டியிலிருந்து சேற்றையெல்லாம் வாரிக்கொண்டு ஆற்றுக்குப் போகும். நாங்கள் ஒரு மாதம் வளர்த்த படை ஒரு மத்தியானத்தில் காலி.

வீட்டில் வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

எண்ணெய். தீபாவளி வாரத்தில் முறுக்கும் வடையும் சமோசாவும் சுட்ட எண்ணெய் சிங்க்கில் போவது எனக்குப் பம்ப் கிணற்றில் தெரியும். மஞ்சளாக, மெழுகு மாதிரி ஒரு சாண் கனத்துக்கு ஏடு கட்டி நிற்கும். ஆறவிட்டுப் புட்டியில் ஊற்றிக் குப்பையில் போடுங்கள். 'வெட் வைப்ஸ்' எனப்படும் ஈரத்துணியைக் கழிப்பறையில் போடவே கூடாது, பாக்கெட்டில் என்ன எழுதியிருந்தாலும். அது கரையாது; பம்பின் விசிறியில் கயிறாக முறுக்கிக்கொள்ளும், அதை ஒருவர் கையால்தான் அறுத்தெடுக்க வேண்டும். துணி துவைக்கப் பாஸ்பேட் இல்லாத தூள் வாங்குங்கள்.

செப்டிக் டேங்க் வைத்திருப்பவர்கள், 'ஹனி சக்கர்' லாரி உறிஞ்சிக்கொண்டு போனதும் அது பிளான்ட்டில்தான் கொட்டுகிறதா என்று கேளுங்கள். கரும்புக் காட்டு ஓரத்திலோ ஓடையிலோ திறந்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

சரி, காவடி நாளில் ஆற்றில் இறங்கலாமா?

பிளான்ட்டின் வெளிக்குழாய்க்கும், பொங்குகிற மேன்ஹோலுக்கும் மேல்பக்கமாக ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். முந்தின இரண்டு மூன்று நாளில் பெருமழை பெய்திருந்தால் இறங்க வேண்டாம். காலில் புண் இருந்தால் வேண்டாம். கரகத்துக்கும் முகம் கழுவவும் வீட்டுக் குழாய்த் தண்ணீரைக் கொண்டுபோங்கள். ஆற்றை வணங்கிவிட்டு அந்த நீரில் ஜோடித்தால் அம்மன் கோபிக்க மாட்டாள் என்றே நான் நம்புகிறேன். பிள்ளைகள் வாயில் தண்ணீர் போகாமல் பாருங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு ஆண்டுதோறும் நடக்கும் 'டூசி' படகுப் போட்டியில் துடுப்பு போடுபவர்களுக்கு வரும் வயிற்றுப்போக்குக்கு 'டூசி கட்ஸ்' (டூசி குடல்) என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவர்கள் திடகாத்திரமான ஆட்கள்.

செவ்வந்தி மாலை, வாழையிலை, மஞ்சள் துணி எதையும் ஆற்றில் விட வேண்டாம். பூவும் இலையும் அழுகும்போது அதே ஆக்சிஜனைத்தான் இழுக்கும்.

ஆய்வகம் இல்லாமல் நாங்களே ஆற்றைச் சோதிக்க முடியுமா?

முடியும். இதற்கென்றே நம் குவாசூலு-நேட்டாலில் உருவான எளிய முறை 'மினிசாஸ்'. ஒரு வலை, ஒரு வெள்ளைத் தட்டு, பூச்சிப் படம் போட்ட ஒரு தாள் போதும். ஆற்றுக் கல்லைப் புரட்டி, அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகளைத் தட்டில் விட்டு, எந்தெந்த வகை இருக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போட வேண்டும். கல்ஈக் குஞ்சும், மூன்று வால் கொண்ட மேஃபிளை குஞ்சும் சுத்தமான, ஆக்சிஜன் நிறைந்த நீரில்தான் வாழும். சிவப்புப் புழுவும் அட்டையும் மட்டுமே இருந்தால் மேலே எங்கோ கழிவு கலக்கிறது. ஆய்வகத்துக்கு எடுக்கும் தண்ணீர் சாம்பிள் அந்த ஒரு நிமிடத்தைத்தான் சொல்லும். பூச்சி கடந்த சில வாரங்களைச் சொல்லும். ஹோவிக் பக்கத்து எம்போபொமேனியில் அந்த ஊர் மக்களே தெருத் தெருவாகப் போய்ப் பொங்கும் மேன்ஹோல்களைக் குறித்து நகராட்சிக்குத் தகவல் கொடுத்தார்கள். அவர்களுக்குக் கீழேதான் மிட்மார் அணை இருக்கிறது.

பிளான்ட்டுக்கு மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம் என்று இரண்டிலும் ஒரே நாளில் பாருங்கள். ஆடியில் ஒரு முறை, தையில் ஒரு முறை. தேதி, இடம், மதிப்பெண், ஒரு போட்டோ. மேன்ஹோல் பொங்கினால் நகராட்சிக்குப் போன் செய்து புகார் எண்ணைக் கேட்டு வாங்கி அதே நோட்டில் எழுதுங்கள். எங்கள் கோயில் இளைஞர்கள் போன ஆடியில் தொடங்கினார்கள். மேலே உள்ள இடத்தில் மூன்று வால் குஞ்சு பதினாலு கிடைத்தது, கீழே இரண்டு. அடுத்த தேதியைக் கோயில் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறோம்; ரப்பர் பூட்ஸ் இருப்பவர்கள் போட்டுக்கொண்டு வாருங்கள்.